பழைய வெட்டும் புதிய சட்டையும்



பழைய காலத்துச் சட்டைகளின் வெட்டு முறைகளை எடுத்து, இக்காலத்துக்கு ஏற்ற தோற்றம் தரும் ஆர்வம் இன்று பெருகி வருகின்றது. மேல்நாடுகளில் நூறாண்டுக்கு முற்பட்ட கடதாசி மாதிரிகளைத் தேடி வாங்குவோர் பலர். யாழ்ப்பாணத்தில் அத்தகைய மாதிரிகள் பெட்டிகளில் கிடைப்பது அரிது. எனினும், பாட்டியின் கைவைத்த இரவிக்கையும், ரேந்தை வைத்த கழுத்தும் பழைய நிழற்படங்களில் இருக்கின்றன. அவற்றின் வரலாற்றை அறிந்தபின் கத்தரிக்கோலை எடுப்பதே முறை.

தையற்கலை ஐரோப்பியர் கொண்டுவந்தது என்று கூறுவாருண்டு. இது முழு உண்மையன்று. புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்த தொழிலாளருள் துன்னகாரரையும் சிலப்பதிகாரம் சேர்த்துக் கூறுகின்றது. துன்னகாரராவார் துணி தைப்போர். ஆயினும் நம் பெண்களின் உடை பெரும்பாலும் உடுத்தும் உடையேயன்றித் தைக்கும் உடையன்று. நெய்த துணி நெய்தபடியே உடலைச் சுற்றி நின்றது. 1619இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பறங்கியர் வழிவந்த பொத்தான், ரேந்தை முதலிய சொற்கள் இன்றும் நம் வழக்கில் உள்ளன. சொல்லோடு பொருளும் வந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் குடாநாட்டுக்கு வந்தனர். 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை தொடங்கிற்று. அதனை நடத்தியவர் ஹரியற் வின்சிலோ அம்மையார். அங்கே வாசிப்போடு தையலும் பாடமாயிற்று. ஏடு கையில் எடாத பெண்ணுக்கு எழுத்தும் ஊசியும் ஒருங்கே கிடைத்தன. அந்நாளைய சட்டை தளர்வானது, கை நீண்டது, அழகை விட அடக்கமே அதன் நோக்கம்.

பின்னர் இரு புதுமைகள் உலகை மாற்றின. 1851இல் ஐசக் சிங்கர் தம் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1863இல் எபனேசர் பட்டரிக் என்னும் அமெரிக்கத் தையற்காரர், பல அளவுகளில் வெட்டிய மெல்லிய கடதாசி மாதிரிகளை விற்கத் தொடங்கினார். அதற்குமுன் விற்ற மாதிரிகள் பெரும்பாலும் ஒரே அளவினவாயிருந்தன. வீட்டிலுள்ளோரே அதனைப் பெருக்கவும் குறைக்கவும் வேண்டும். சிங்கர் நிறுவனம் 1877இல் கொழும்பில் கடை திறந்தது.

அதே 1877இல் கொழும்பிற் பிறந்தவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. 1905இல் தொடங்கிய இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தின் வாயிலாக, ஐரோப்பிய உடையைச் சிந்தியாது பின்பற்றுவதை அவர் வன்மையாகக் கண்டித்தார். அவர் கூற்றில் நியாயமுண்டு. ஆனால் மறுபக்கமும் ஒன்றுண்டு.

மேலாடை என்பது எல்லார்க்கும் உரியதாக இருந்ததில்லை. திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பல்லாண்டு போராடினர். 1859இலேதான் அரசாணை அதற்கு இடங்கொடுத்தது. யாழ்ப்பாணத்திலும் ஒடுக்கப்பட்ட சாதியினர் மேலாடைக்கும் நகைக்கும் தடை இருந்தது. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல்தான் இலங்கை நாடாளுமன்றத்தில் நிறைவேறிற்று. ஒருவருக்கு அயல்நாட்டு அலங்காரமாகத் தோன்றிய சட்டை, மற்றொருவருக்கு மானத்தின் சின்னமாயிற்று. பழைய இரவிக்கையை அழகென்று மட்டும் போற்றுவோர், அதனை அணியவொட்டாது தடுக்கப்பட்டோரையும் நினைத்தல் வேண்டும்.

இனி, பழைய வெட்டைப் புதுக்குவது எவ்வாறு? நைந்த சட்டையொன்று கிடைப்பின், அதன் தையலைப் பிரித்துக் கடதாசியின்மேல் பரப்பிக் கோடிடலாம். கிடைத்த வடிவை அப்படியே வெட்டுதல் கூடாது. மேல்நாட்டுப் பழைய மாதிரிகள் இடையை இறுக்கும் உள்ளுடை அணிந்த உடலுக்கு வரையப்பட்டவை. ஆதலின் அணிபவரின் மார்பு, தோள், இடை ஆகியவற்றை முதலில் அளத்தல் வேண்டும். அளவு போதாவிடின் விளிம்பைச் சுற்றிலும் கூட்டினால் கழுத்தும் கைக்குழியும் கெடும். கடதாசியை நடுவே கீறி, வேண்டிய அளவு விலக்கி ஒட்டுவதே நன்று. பழைய மல் துணி இழுபடாது. இன்றைய பின்னல் துணி இழுபடும். எனவே துணிக்கேற்பத் தளர்வையும் குறைக்கலாம். விலைகுறைந்த துணியில் ஒருமுறை வெட்டித் தைத்துப் பார்த்தபின் நல்ல துணியைத் தொடுதல் புத்தி. கழுத்தின் ரேந்தையும் கையின் சுருக்கும் நிலைக்கட்டும். அளவு மட்டும் புதிதாகட்டும்.

இதிலே ஒரு பொதுவுண்மை அடங்கியிருக்கின்றது. முன்னோர் விட்டுச் சென்ற வடிவம் நமக்கு முதல். ஆனால் அவர்கள் உடலின் அளவு நமக்கு விதியன்று. பழமையை அப்படியே போர்த்திக்கொள்வோர்க்கு மூச்சு முட்டும். முற்றும் எறிந்துவிடுவோர்க்கு வெட்டுவதற்கு வடிவமே இராது. அளந்து, கீறி, ஒட்டி, உயிருள்ள உடலுக்குப் பொருத்துவோரே பழமையைக் காப்போர் ஆவர்.