பெட்டியில்லாத கடிகாரம்

மலிவான பழைய கைக்கடிகாரங்களைச் சேர்க்கிறவர்களுக்கு ஒரு பைத்தியம் உண்டு. கடிகாரத்தோடு வந்த அட்டைப் பெட்டியும் வேண்டும். எனக்கும் அது உண்டு. ஆனால் வில்லியனூர், பாகூர்ப் பக்கத்து வீடுகளில் பழைய ஸ்விஸ் கடிகாரம் கிடைத்தால் நான் பெட்டியைக் கேட்பதில்லை.

பிரெஞ்சிந்தியாவோடு 1941-ல் ஏற்பட்ட சுங்க உடன்பாடு 1949 ஏப்ரலோடு முடிந்தது. புதுச்சேரியில் அயல்நாட்டுச் சாமான் மலிவு. எல்லை தாண்டினால் வரி. எல்லைதான் என்ன, நேர்கோடா? பாகூர் கொம்யூனை ஒட்டித் தென்னாற்காடு ஜில்லா! வரப்புக்கு அந்தப் பக்கம் வேறு தேசம். கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டு வரப்பேறுகிற ஆசாமி, பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டா சுங்கச் சேவகன் முன்னால் போவான்?

1954 அக்டோபர் 18-ல் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. வரப்பு மறுபடி வெறும் வரப்பாயிற்று.

1961-ல் பெங்களூரில் ஜப்பானியச் சிட்டிஸன் கம்பெனியின் துணையோடு எச்.எம்.டி. கடிகாரம் செய்யத் தொடங்கியது. அதன் ‘ஜனதா’வை யாருக்கும் ஒளிக்க வேண்டியதில்லை. அதனால் பெட்டியும் தங்கியது. கல்யாணப் பத்திரிகைகளோடு பீரோவில் கிடக்கிறது. அந்தக் கடிகாரத் தொழிலை மூடுவதென்று 2016-ல் சர்க்கார் முடிவு செய்தபின் பெட்டிக்கும் கிராக்கி வந்துவிட்டது.

இந்த வட்டாரத்து ஸ்விஸ் கடிகாரத்தைப் புத்தம்புதுப் பெட்டியோடு யாராவது நீட்டினால், முதலில் பெட்டியைத்தான் முகர்ந்து பார்க்கிறேன்.