1965: வாரம் ஒரு வேளை உணவைத் துறந்த நாடு

1965-ஆம் ஆண்டு பாகிஸ்தானுடன் போர் மூண்டபோது, நம் நாடு அமெரிக்கக் கோதுமையையே பெரிதும் நம்பியிருந்தது. பிறர் தயவில் வாழலாகாது எனக் கருதிய பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, வாரம் ஒரு வேளை உணவைத் துறக்குமாறு மக்களை வேண்டினார். திங்கட்கிழமை மாலைகளில் உணவு விடுதிகள் பல மூடப்பட்டன. திங்கள் நோன்பு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சுன்னத் என்பதை நாம் அறிவோம். எனினும் இரண்டையும் ஒன்றாக்க மாட்டோம். நோன்பு அல்லாஹ்வுக்குரியது, இதுவோ பிறர் பசிக்காக விட்டுக்கொடுத்தது. அப்போரில் செப்டம்பர் 10 அன்று ஹவில்தார் அப்துல் ஹமீது களத்தில் உயிர்நீத்தார்.

அவ்வாண்டு அக்டோபர் 2-இல் நம் ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி மாவட்டத்தில் சேர்ந்தன. கேழ்வரகுக் களியே உணவான இவ்வட்டாரத்து ஏழைக்குத் துறப்பதற்கு எந்த வேளை மிஞ்சியிருந்தது? அவ்வேண்டுகோள் வசதியுள்ளோருக்கே பொருந்தியது. உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம் 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைரகக் கோதுமை விதையைத் தருவித்தார். அதனைக் காண சாஸ்திரி இல்லை. அவ்வாண்டு ஜனவரி 11-இல் தாஷ்கண்டில் காலமாகியிருந்தார்.