ராட்டாந்தூரிக்கு வர்ணம் அடித்தவர்கள்

கொங்குப் பக்கம் ஊஞ்சலுக்குத் தூரி என்று பேர். அதனால் மற்ற ஊர்க்காரர்கள் ராட்டினம் என்பதை இங்கே ராட்டாந்தூரி என்கிறார்கள். சுற்றுகிற ஊஞ்சல், அவ்வளவுதான். பங்குனியில் பெருமாநல்லூர் கொண்டத்துக் காளியம்மன் கோயில் குண்டம் நோம்பி வந்தால், பொரிக்கடைக்கும் வளையல் கடைக்கும் பக்கத்திலேயே லாரியிலிருந்து இரும்புச் சட்டங்கள் இறங்கும். போல்ட் முடுக்கி நிமிர்த்தினால் ராட்டாந்தூரி தயார். நோம்பி முடிந்ததும் எல்லாம் கழற்றப்பட்டு லாரி ஏறும். சித்திரையில் அவிநாசித் தேர், வைகாசியில் திருப்பூர் விசாகத் தேர், ஆடியில் அந்தியூர் குருநாதசாமி பண்டிகை என்று சுற்றுவட்டாரத்தில் இந்தத் தொழிலுக்கு ஒரு பஞ்சாங்கமே இருக்கிறது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டு வந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. பாதிதான் உண்மை. 11ஆம் நூற்றாண்டில் மாளவத்தை ஆண்ட போஜராஜன் பேரில் வழங்கும் சமராங்கண சூத்ரதாரம் என்ற சிற்ப நூலில் யந்திரங்களுக்கென்றே ஒரு அத்தியாயம் இருக்கிறது. அதில் சுழலும் ஊஞ்சல்கள் ஐந்து வகையாகச் சொல்லப்படுகின்றன. வசந்தம், மதனநிவாசம், வசந்ததிலகம், விப்பிரமகம், திரிபுரம் என்று பெயர்கள் வேறு! (இன்றைக்கு ராட்டினத்துக்கு 'டோரா டோரா' என்று பேர் வைப்பவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.) சென்னைப் பல்கலைக்கழகத்து சம்ஸ்கிருதப் பேராசிரியர் வே. ராகவன் 1950களில் இந்த யந்திரங்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஐரோப்பாவிலும் பழைய குறிப்புகள் உண்டு. பீட்டர் மண்டி என்ற ஆங்கிலப் பயணி 1620ல், இன்று பல்கேரியாவில் இருக்கும் பிளோவ்திவ் ஊரில், ஆட்களை ஏற்றிச் சுற்றும் மரச்சக்கரத்தைப் பார்த்து எழுதி வைத்தார்.

வெள்ளைக்காரன் கொண்டு வந்தது எது என்றால் இரும்பும் இயந்திரமும். 1893ல் சிகாகோ உலகப் பொருட்காட்சியில் ஜார்ஜ் ஃபெர்ரிஸ் நிறுத்திய சக்கரம் 264 அடி உயரம். 36 பெட்டிகள், பெட்டிக்கு 60 பேர், ஆக ஒரே நேரத்தில் 2,160 பேர். டிக்கெட் 50 சென்ட். பொருட்காட்சிக்குள் நுழையவே அதே 50 சென்ட்தான் என்பதைக் கவனியுங்கள். ஆனால் அந்தச் சக்கரத்தை லாரியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோக முடியுமா? கழற்றி மாட்டக்கூடிய சின்னச் சக்கரத்தை வில்லியம் சல்லிவன் என்பவர் 1900ல் இல்லினாய்ஸில் ஓட்டிக் காட்டினார். நோம்பிக்கு வந்து போகும் ஜெயன்ட் வீலுக்கு ஃபெர்ரிஸை விட இவர்தான் நெருங்கிய சொந்தம்.

குடை ராட்டினத்தின் கதை வேறு. அதில் ஏன் எப்போதும் குதிரை? ஐரோப்பியப் பிரபுக்கள் குதிரையில் பாய்ந்தபடி ஈட்டியால் வளையத்தைக் குத்தி எடுக்கும் விளையாட்டுக்குக் கரூசல் என்று பேர். 1662ல் பதினான்காம் லூயி மன்னன் பாரிசில் இதைப் பெரிய விழாவாகவே நடத்தினான். பயிற்சிக்காக மரக்குதிரைகளைக் கட்டிச் சுற்றவிட்டதிலிருந்து வந்ததுதான் இந்த ராட்டினம் என்கிறார்கள். 1860களில் இங்கிலாந்தில் நீராவி இயந்திரம் இதைச் சுற்ற ஆரம்பித்தது. கிங்ஸ் லின் ஊரில் விவசாயக் கருவிகள் செய்துகொண்டிருந்த ஃபிரெடெரிக் சேவேஜ் ராட்டினத்துக்கு மாறி, குதிரைகள் மேலும் கீழும் ஏறி இறங்கும்படி செய்து பெரிய ஆளானார்.

வண்ணம் வருவது இங்கேதான். கையால் சுற்றியபோது ராட்டினம் சின்னது, எளிமையானது. நீராவி வந்ததும் முதலீடு பெரிதாகிவிட்டது. பக்கத்துக் கொட்டகைக்காரனும் அதே இயந்திரத்தை வாங்கிவிட்டான். கூட்டம் யார் பக்கம் போகும்? கண்ணைப் பறிப்பவன் பக்கம். தங்கத் தகடு, சுருள் சுருளான கொடி வேலைப்பாடு, குதிரைக் கழுத்தில் பெயர், கூரையைச் சுற்றி முதலாளியின் பெயர் கொட்டை எழுத்தில். இதிலும் ஒரு கணக்கு உண்டு. ராட்டினக் குதிரையின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. கூட்டம் பார்க்கும் வெளிப்பக்கத்தில்தான் பிடரி, சேணம், பூ எல்லாம் ஆழமாகச் செதுக்கி வர்ணம் தீட்டியிருக்கும். உள்பக்கம் சும்மா ஒப்புக்கு. இங்கிலாந்து ராட்டினம் கடிகார திசையில் சுற்றும், அதனால் அங்கே குதிரையின் இடப்பக்கம் அழகு. அமெரிக்காவில் எதிர்த்திசை, அங்கே வலப்பக்கம்.

20ஆம் நூற்றாண்டில் லண்டன் பெயிண்டர் ஃபிரெட் ஃபௌல் இன்னொரு வித்தை செய்தார். முதலில் பளபளக்கும் உலோகத் தாளை ஒட்டி, அதன்மேல் ஊடுருவித் தெரியும் வர்ணத்தைப் பூசினார். பல்பு வெளிச்சம் பட்டால் எழுத்து எரிகிற மாதிரி தெரியும். எல்.ஈ.டி. இல்லாத காலத்து எல்.ஈ.டி. :-)

தமிழ்நாட்டில் இந்த வேலை கைக்கு வந்தது எங்கிருந்து? தனியாக ராட்டினப் பெயிண்டர் என்று ஒரு ஜாதி இங்கே கிடையாது. லாரி பாடிக்குப் பூப்போடுகிறவர், கடைக்குப் போர்டு எழுதுகிறவர், சுவருக்குக் கட்சிச் சின்னம் வரைகிறவர், கோயில் வாகனத்துக்குக் கண் திறக்கிறவர் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கூட்டம். சங்ககிரியும் திருச்செங்கோடும் நாமக்கல்லும் லாரி ஊர்கள். எனாமல் பெயிண்டும் தூரிகையும் பிடித்த கைகளுக்குப் பஞ்சமில்லை. அதனால் இங்கே குடை ராட்டினத்துக் குதிரை ஐயனார் கோயில் குதிரை மாதிரி முழித்துப் பார்க்கும். டிக்கெட் பெட்டியில் தாமரை, மயில், தண்ணீர் குடிக்கும் மான், எந்த ஊர் என்று தெரியாத ஒரு பனிமலை. நடுத்தூணைச் சுற்றி எம்.ஜி.ஆரோ ரஜினியோ. ஓரத்தில் ஊர்ப் பேரோடு ஏதாவது ஒரு 'ஆர்ட்ஸ்' என்று கையெழுத்து.

மரணக் கிணறு இன்னும் ஒரு படி மேல். 1910களில் அமெரிக்காவில் பலகை ஓடுபாதைப் பந்தயங்களிலிருந்து பிறந்து, 1929ல் இங்கிலாந்துக்கு வந்து, பிறகு இந்தியாவில் நிலைத்த ஆட்டம் அது. உள்ளே நடப்பது வெளியே இருப்பவனுக்குத் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும். அவனைப் படியேற வைப்பது முகப்பில் வரைந்த மண்டை ஓடும் பாயும் மோட்டார் பைக்கும்தான்.

வணிகவியல் படிப்பவர்களுக்கு ஒரு கேள்வி. ராட்டினத்துக்கு வருடாவருடம் வர்ணம் அடிப்பது முதலினச் செலவா, வருவாயினச் செலவா? புத்தகப்படி பராமரிப்பு, ஆகவே வருவாயினச் செலவு. ஆனால் அந்த வர்ணம்தானே டிக்கெட்டை விற்கிறது? புத்தகத்தின் பதிலையே தொழிலும் ஏற்றுக்கொண்டது என்பதுதான் வருத்தம். செலவு என்றால் குறைக்கத்தானே தோன்றும். 2000க்குப் பிறகு ஃபிளக்ஸ் பரவியது. கையால் பல நாள் வரைந்தது சில மணி நேரத்தில் அச்சாகி வந்தது. மரக்குதிரை போய் ஃபைபர் வாத்து வந்தது. போர்டு எழுதுகிறவர்களின் பிழைப்பு போனதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அவர்கள் ராட்டினத்திலிருந்தும் இறங்கியதை அவ்வளவாக யாரும் கவனிக்கவில்லை.

இன்னொரு காரணம் ஏலம். பெரிய கோயில் திருவிழாக்களில் ராட்டினம் போடும் உரிமையை ஏலம் விடுகிறார்கள். தேனி மாவட்டம் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவில் அது கோடி ரூபாயைத் தாண்டிப் போயிருக்கிறது. சில நாட்களில் அவ்வளவு பணத்தை எடுக்க வேண்டுமென்றால் கொலம்பஸ் கப்பலும் பிரேக் டான்ஸும்தான் கட்டுபடியாகும். கையால் சுற்றும் நாலு பெட்டி ராட்டாந்தூரிக்காரர் எந்த ஏலத்தில் கை தூக்குவார்? அவர் சின்ன ஊர் நோம்பிகளுக்கு ஒதுங்கிப் போகிறார்.

இங்கிலாந்தில் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் 1994லிருந்து இந்தச் சந்தை ஆட்டங்களுக்கென்றே ஓர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. டெவனில் பழைய ராட்டினங்களைப் பழைய வர்ணத்தோடு ஓட்டிக் காட்டுகிறார்கள். இங்கே அடுத்த வர்ணம் அடிக்கும் முன் பழையதை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுதான் முறை. முப்பது வருடத்து மயிலும் மானும் தூளாகப் போயிருக்கும். அடுத்த பங்குனிக்கு பெருமாநல்லூர் போனால் டிக்கெட் பெட்டியின் ஓரத்தை ஒரு தரம் பாருங்கள். ஃபிளக்ஸுக்குக் கீழே தகரத்தில் 'ஆர்ட்ஸ்' என்று ஏதாவது தெரிந்தால் ஒரு படம் எடுத்து வையுங்கள்.