மில் கணக்கும் கண் ஆஸ்பத்திரியும்

1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா மில் தொடங்கிய ஊர் நம் ராஜபாளையம். மெஷின் சும்மா நிற்கக் கூடாது என்பது இங்கே சின்னப் பையனுக்கும் தெரியும். அதே கணக்கை ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோனவர் டாக்டர் ஜி. வெங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்தக் கையாலேயே ஆயிரக்கணக்கில் கண் ஆபரேஷன் செய்தார்!

1976-ல் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். அங்கே ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை. ஒன்றில் அவர் ஆபரேஷன் செய்யும்போதே, பக்கத்து மேஜையில் அடுத்த நோயாளியைத் தயார் பண்ணிவிடுவார்கள். தயார் பண்ணுவது யார்? அங்கேயே இரண்டு வருஷம் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள்தான். டாக்டரின் நேரம் துளியும் வீணாவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறிப் போகும் நெசவாளி ஒரு நாள் கூடுதலாகக் காத்திருந்தால், ஒரு நாள் கூலி போச்சு அல்லவா?

இதைப் பிற ஆஸ்பத்திரிகளுக்கும் கற்றுக்கொடுக்க 1992-ல் 'லைக்கோ' என்ற பயிற்சி நிலையம் வந்தது. டாக்டர்களும் நிர்வாகிகளும் சேர்ந்தே உட்கார்ந்து படிக்கிறார்கள். என்னைக் கேட்டால், டாக்டரான பிறகு படிப்பது லேட். எம்.பி.பி.எஸ். மாணவர்களை இரண்டு வாரம் நம்மூர் மில்லில் ஷிப்ட் பார்க்க அனுப்பலாம். சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி ஆஸ்பத்திரிக்குப் போகிறதே, மில் கணக்கும் கூடவே போகட்டும்.