கேட்காத பாட்டின் நினைவு: ஷே மைதானம், 15 ஆகஸ்ட் 1965

'ரசிகர்' என்ற சொல் நம்முடைய விமர்சனக் கட்டுரைகளில் அனேகமாக ஒரு வசவுச்சொல்லாகவே புழங்கி வந்திருக்கிறது. ஏமாந்தவர், மயக்கத்தில் கிடப்பவர், தன் வர்க்க நலனை அறியாதவர் என்றெல்லாம் அதற்கு அர்த்தம். இப்படிப்பட்டவருடைய நினைவை வரலாற்றுக்கான சான்றாக எடுத்துக்கொள்ள முடியுமா? பீட்டில்ஸ் குழு 1965இல் வட அமெரிக்காவில் மேற்கொண்ட பயணத்தின் முதல் இரவை முன்வைத்து இக்கேள்வியைக் கொஞ்சம் துருவிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

இதை எழுதப்போவதாகச் சொன்னதும் நண்பர் ஒருவர் கேட்டார்: "ஏம்பா, வெள்ளைக்காரன் கச்சேரிக்குப் போன பொண்ணுங்க கத்துனதெல்லாம் ஒரு வரலாறா?" இயக்கத்தில் நெடுங்காலம் இருந்தவர் அவர். அவருடைய ஒரே வாக்கியத்தில் மூன்று ஏளனங்கள் இருந்தன: பாட்டின் மீது, பெண்களின் மீது, கத்தலின் மீது. அந்த மூன்றும் என்னிடமும் ஒருகாலத்தில் இருந்தவைதான். எனவே இக்கட்டுரையின் ஒரு பாதி எனக்கே நான் சொல்லிக்கொள்ளும் பதில்.

1

முதலில் தகவல்கள். 1965 ஆகஸ்ட் 15, ஞாயிற்றுக்கிழமை இரவு. நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் இருந்த ஷே மைதானம். பேஸ்பால் ஆடுவதற்காகக் கட்டப்பட்டது. பாட்டுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அன்று கூடியவர்கள் சுமார் 55,600 பேர். ஒரு ராக் கச்சேரிக்கு அதுவரை இவ்வளவு கூட்டம் சேர்ந்ததில்லை. வசூல் 3,04,000 டாலர். அதில் குழுவின் பங்கு 1,60,000 டாலர். பாடியவை 12 பாட்டுகள்; எடுத்துக்கொண்ட நேரம் அரை மணி. கச்சேரியை ஏற்பாடு செய்தவர் சிட் பெர்ன்ஸ்டீன். முன்பணம் கட்டும்வரை விளம்பரம் செய்யக் கூடாது என்று குழுவின் மேலாளர் பிரையன் எப்ஸ்டீன் நிபந்தனை போட்டதால் பூங்காவில் கண்ட பிள்ளைகளிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவைத்தேன், தபால் பெட்டிக்குக் கடிதமும் பணமும் வந்து குவிந்தன என்று அவர் பிற்பாடு சொல்லியிருக்கிறார். வியாபாரி தன் பிரதாபத்தைச் சொல்கிற கதை என்று இதில் கொஞ்சம் கழித்துக்கொண்டாலும், பள்ளிப் பிள்ளைகள் தங்களுக்குள் ஒரு செய்திவலையைத் தாங்களாகவே பின்னிக்கொண்டார்கள் என்பது மிஞ்சுகிறது.

மேடை மைதானத்தின் நடுவே, இரண்டாம் பேஸ் அருகில் போடப்பட்டிருந்தது. கூட்டம் முழுவதும் சுற்றியிருந்த இருக்கை அடுக்குகளில். இடையில் கிடந்த புல்தரை காலியாக விடப்பட்டிருந்தது. அதில் நின்றவர்கள் காவலர்கள் மட்டுமே. கேட்பவர்களுக்கும் பாடுபவர்களுக்கும் நடுவே அதிகாரம் ஒரு வெற்றிடத்தை ஏற்படுத்தி வைத்திருந்தது எனலாம். வேலியைத் தாண்டி அந்த வெற்றிடத்துக்குள் ஓடியவர்களைக் காவலர்கள் துரத்திப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். பாடகர்களோ ஹெலிகாப்டரில் வந்திறங்கி, வங்கிப் பணம் ஏற்றும் கவச வண்டியில் மைதானத்துக்குள் கொண்டுவரப்பட்டார்கள். பண்டம் எவ்வாறு பாதுகாக்கப்பட வேண்டும் என்பதை அந்த வண்டி வெளிப்படையாகவே சொல்லிவிட்டது.

அந்தப் பயணத்துக்கென்றே வாக்ஸ் நிறுவனம் 100 வாட் ஒலிபெருக்கிகளைச் செய்து தந்திருந்தது. மைதானத்தின் சொந்த ஒலிபெருக்கியோ ஆட்டக்காரர்களின் பெயரை அறிவிப்பதற்கானது. 55,000 தொண்டைகளுக்கு முன்னால் இரண்டும் எடுபடவில்லை. அங்கே போனவர்களின் நினைவுகளில் திரும்பத் திரும்ப வருகிற வாசகம் இதுதான்: ஒண்ணுமே கேக்கல. தாங்கள் என்ன வாசிக்கிறோம் என்பது தங்களுக்கே கேட்கவில்லை என்று குழுவினரும் சொல்லியிருக்கிறார்கள்.

அதாவது, வரலாற்றிலேயே மிகப் பெரியது என்று பதிவான ஒரு கச்சேரியில் பாட்டு என்பது ஏறக்குறைய இல்லை. அப்படியானால் அங்கே நடந்தது என்ன?

2

1980களின் கடைசியில் நகலுக்கு நகலான ஒரு ஒளிநாடாவில் அந்தக் கச்சேரிப் படத்தைப் பார்த்தேன். திரையில் பாதி மங்கல். ஆனால் பாட்டு கணீரென்று இருந்தது. 'இந்தக் கூச்சலிலும் என்னமா வாசிக்கிறாங்க' என்று வியந்துபோய்ப் பலரிடமும் சொல்லியிருக்கிறேன். அந்த வியப்பு அசட்டுத்தனமானது என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

எட் சல்லிவனின் நிறுவனம் அந்த இரவைப் பல காமிராக்களில் எடுத்தது. படம் 1966 மார்ச் 1 அன்று பிபிசியிலும், அமெரிக்காவில் 1967 ஜனவரியிலும் ஒளிபரப்பானது. இடையில் ஒரு காரியம் நடந்தது. 1966 ஜனவரி 5 அன்று லண்டனில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் குழுவினர் உட்கார்ந்து, மைதானத்தில் சரியாகப் பதிவாகாதவற்றை ரகசியமாகத் திருத்தினார்கள். 'ஐ ஃபீல் ஃபைன்', 'ஹெல்ப்' இரண்டையும் புதிதாகவே வாசித்தார்கள். 'ஆக்ட் நேச்சுரலி' பாட்டுக்கு ஏற்கனவே விற்பனையில் இருந்த இசைத்தட்டு ஒட்டப்பட்டது. 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' பாட்டுக்கோ அதே மாதக் கடைசியில் ஹாலிவுட் பவுலில் நடந்த வேறொரு கச்சேரியின் ஒலி. 12 பாட்டுகளில் இரண்டு படத்தில் இடம்பெறவே இல்லை.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது, எது 'ஆவணம்', எது 'வெறும் நினைவு' என்ற படிநிலை தலைகீழாகிப் போவதைத்தான். படச்சுருள் புறவயமானது, நினைவு அகவயமானது. ஆகவே முன்னதை நம்பு, பின்னதைச் சந்தேகி என்பது வரலாற்றெழுதியலின் பாலபாடம். இங்கோ படச்சுருள் பொய் சொல்கிறது. 'ஒண்ணுமே கேக்கல' என்று சொன்ன பதினாலு வயசுப் பெண்ணின் நினைவு உண்மையைச் சொல்கிறது. மூலதனத்துக்கு விற்கத்தக்க ஒரு பாட்டு தேவைப்பட்டது. அதனால் கத்தலைப் பின்னுக்குத் தள்ளிப் பாட்டை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள்.

அன்று பாட்டைத் தெளிவாகக் கேட்டதாகச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பொய்யர்கள் என்று தள்ளிவிடத் தேவையில்லை. பிறகு பார்த்த படமும் வீட்டில் தேயத்தேயக் கேட்ட இசைத்தட்டும் அந்த அரைமணி நேரத்துக்குள் போய்க் குடியேறியிருக்கலாம். தனிமனித நினைவும் சமூகச் சட்டகங்களுக்குள்தான் உருவாகிறது என்று மோரிஸ் ஹால்ப்வாக்ஸ் 1925லேயே எழுதினார். அந்தச் சட்டகங்களில் ஒன்றைத் தொலைக்காட்சி செய்து தரும் காலம் பின்னால் வந்தது.

3

இனி கத்தலுக்கு வருவோம். 1964 பிப்ரவரியில், பீட்டில்ஸ் முதன்முறை அமெரிக்கா போய் வந்த அதே மாதத்தில், பிரிட்டனின் இடதுசாரி வார ஏடான 'நியூ ஸ்டேட்ஸ்மன்'இல் பால் ஜான்சன் ஒரு கட்டுரை எழுதினார். கத்தும் பிள்ளைகளை அவர் தம் தலைமுறையின் மந்தமானவர்கள், தோற்றுப்போனவர்கள் என்கிற தொனியில் வருணித்தார். பின்னாளில் அவர் பச்சையான வலதுசாரியாக மாறியது வேறு கதை. எழுதியபோது அவர் இடதுசாரி. வெளியிட்டது இடதுசாரி ஏடு. அடோர்னோவும் 1938இல் எழுதிய கட்டுரையில், வெகுசன இசை கேட்பவர்களின் கேட்கும் திறனே பின்னோக்கிப் போய்விட்டது என்றார். ஆடுகிறவர்களின் பரவசத்தில் அவர் கண்டது வெறும் அனிச்சைத் துடிப்பு. பண்பாட்டு ஆலைத்தொழில் பற்றிய அவருடைய பகுப்பாய்வு இன்றும் நமக்குத் தேவைதான். கவச வண்டியை அது விளக்கும். கத்தலை விளக்காது.

பார்பரா எஹ்ரன்ரைக், எலிசபெத் ஹெஸ், குளோரியா ஜேக்கப்ஸ் மூவரும் 1986இல் இதை வேறு கோணத்திலிருந்து வாசித்தார்கள். அடக்க ஒடுக்கமாக இரு, உடம்பைக் கட்டுக்குள் வை, கல்யாணம்வரை காத்திரு என்று வளர்க்கப்பட்ட பெண்பிள்ளைகள் பொது இடத்தில் கூட்டமாகக் கட்டுப்பாட்டை உதறியது, உள்ளடக்கத்தில் இல்லாவிட்டாலும் வடிவத்தில் ஒரு கலகம் என்பது அவர்கள் வாதம். பெண் விடுதலை இயக்கத்துக்கு முந்திய ஒரு முன்னசைவாக அதை அவர்கள் கண்டார்கள். இவ்வாசிப்பை முழுவதும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. நான்கு ஆண்களை நோக்கிக் கத்துவது எப்படி விடுதலையாகும் என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் நினைவுகளைக் கேட்டுப் பார்த்தால் இன்னொன்று தட்டுப்படுகிறது. மேடை எறும்பு மாதிரி தெரிந்தது என்பார்கள். அடுத்த வரியிலேயே பக்கத்தில் நின்ற தோழியின் கை, அழுகை, ரெண்டு நாள் கட்டிப்போன தொண்டை என்று போவார்கள். நினைவின் மையத்தில் பாடகர்களைவிடப் பக்கத்து இருக்கைக்காரி அதிகம் இருக்கிறாள். தன் குரல் இவ்வளவு பெரிதாக இருக்க முடியும் என்பதை அவள் அன்றைக்குத்தான் அறிந்துகொண்டாள். பாட்டு அதற்கு ஒரு சாக்கு என்று சொன்னால் ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனாலும் எனக்கு அப்படித்தான் படுகிறது.

4

ஆனால் நினைவைக் கொண்டாடுவதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. எதை மறந்திருக்கிறது என்றும் அதைக் கேட்க வேண்டும்.

அன்றைய மேடையில் பீட்டில்ஸுக்கு முன்னால் பாடியவர்கள் உண்டு. கறுப்பினப் பாடகி பிரெண்டா ஹாலோவே. கறுப்பின சாக்சபோன் கலைஞர் கிங் கர்ட்டிஸும் அவர் குழுவும். கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸின் மெக்சிக அமெரிக்க இளைஞர்களான 'கேனிபல் அண்ட் தி ஹெட்ஹன்டர்ஸ்'. படத்தில் முன்பாதியினருக்குக் கிடைத்தது சொற்ப நேரம். கூட்டத்தின் நினைவிலும் அப்படித்தான்: 'யாரோ முன்னாடி பாடினாங்க'.

பிரெண்டா ஹாலோவே லாஸ் ஏஞ்சலிஸில் வாட்ஸ் பகுதியில் வளர்ந்தவர். ஷே மைதான இரவுக்கு நான்கு நாள் முன்பு, ஆகஸ்ட் 11 அன்று, ஒரு கறுப்பின இளைஞரைப் போக்குவரத்துக் காவலர் நிறுத்தியதில் தொடங்கிய மோதலிலிருந்து வாட்ஸ் எரியத் தொடங்கியது. ஏறத்தாழ 14,000 தேசியக் காவற்படையினர் இறக்கப்பட்டார்கள். 34 பேர் செத்தார்கள், பெரும்பாலோர் கறுப்பர்கள். ஹாலோவே ஷே மேடையில் நின்ற அந்த ஞாயிறன்றும் அங்கே ஊரடங்கு. வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தாகி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. ஒரே நாட்டில், ஒரே இரவில், ஒரு கூட்டம் கூச்சலிட்டது. போலீஸ் அதைப் புன்னகையோடு காதைப் பொத்திக்கொண்டு காவல் காத்தது. இன்னொரு கூட்டம் கூச்சலிட்டது, அதைச் சுட்டார்கள். அனுமதிக்கப்பட்ட கத்தல், அனுமதிக்கப்படாத கத்தல் என்று உடல்களை நிறத்தால் பிரிக்கிற கோடு இதுதான். பின்னாளில் நான் படித்த ஷே நினைவுகளில் வாட்ஸ் என்ற பெயர் வந்த ஞாபகம் எனக்கு இல்லை.

இந்தக் கோட்டைத் தாண்டிய நினைவும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. நடிகை வூப்பி கோல்ட்பர்க் அன்றைக்கு ஒன்பது வயதுக் கறுப்பினச் சிறுமி. எங்கே போகிறோம் என்று சொல்லாமலே அம்மா தன்னை ஷே மைதானத்துக்குக் கூட்டிப்போனதை 2016இல் வெளியான ஆவணப்படத்தில் அவர் நினைவுகூர்கிறார். அந்தப் பாட்டில் தனக்கும் இடமுண்டு என்று அந்தச் சிறுமிக்குத் தோன்றியிருக்கிறது. 1964 செப்டம்பரில் ஜாக்சன்வில்லில் நிறவாரியாகப் பிரித்து உட்காரவைத்தால் பாட மாட்டோம் என்று பீட்டில்ஸ் அறிவித்ததும், 1965 பயணத்தின் ஒப்பந்தத்தில் அதையே ஒரு நிபந்தனையாகச் சேர்த்ததும் உண்மை. ஆனால் அதற்கு முன்பே, 1964 ஜூலையில், குடியுரிமைச் சட்டம் அந்தப் பிரிவினையைச் சட்டவிரோதமாக்கியிருந்தது. அதை வாங்கித் தந்தவர்கள் அடிபட்டும் சிறைக்குப் போயும் செத்தும் போராடிய கறுப்பின மக்கள். பாடகர்களின் பெருந்தன்மையாக மட்டும் அது நினைவுகூரப்படும்போது ஒரு இயக்கம் அடிக்குறிப்பாகச் சுருங்கிப்போகிறது.

5

இத்தாலியின் தெர்னி நகரில் 1949 மார்ச்சில், நேட்டோவுக்கு எதிரான ஊர்வலத்தில், லூயிஜி திராஸ்துல்லி என்ற இளம் உருக்காலைத் தொழிலாளியைப் போலீஸ் கொன்றது. பல வருஷம் கழித்து அலெஸாண்ட்ரோ போர்த்தெல்லி அவ்வூர்த் தொழிலாளர்களிடம் பேசியபோது, பலர் அச்சாவை 1953க்கு, பெரும் ஆட்குறைப்புக்கு எதிரான தெருச்சண்டைக்கு, நகர்த்தி வைத்துச் சொன்னார்கள். போர்த்தெல்லி அதைத் தவறென்று திருத்திவிட்டு நகர்ந்துவிடவில்லை. பதிலடி கொடுக்க முடியாமல் போன ஒரு சாவின் அவமானத்தை நினைவு எப்படிச் செரித்துக்கொண்டது என்று கேட்டார். தேதி பிசகியதால்தான் அவருக்கு அந்தக் கேள்வி கிடைத்தது.

தொழிலாளியின் பிசகுக்கு இந்த மரியாதையைத் தருகிற நாம் ரசிகையின் பிசகுக்குத் தர மறுப்பது ஏன்? கேட்காத பாட்டைக் கேட்டதாகச் சொல்கிறவர், முன்னால் பாடியவர்களை மறந்தவர், எரிகிற வாட்ஸை நினைக்காதவர், தோழியின் கையை மட்டும் மறக்காதவர் எல்லோரிடமும் கேட்டுப் பெற வேண்டியது இருக்கிறது. போராட்ட நினைவுகளைச் சேகரிக்கப் போகும் நம் தோழர்கள் 'சம்பந்தமில்லாதது' என்று ஒலிநாடாவை நிறுத்துகிற இடங்கள் எத்தனை? அன்றைக்கு உடுத்தியிருந்த புடவை, வழியில் பாடிய சினிமாப் பாட்டு, யாரோ அடித்த கேலி என்று பேச்சு போகும்போது "அது கெடக்கட்டும்மா, ஊர்வலத்தைப் பத்திச் சொல்லுங்க" என்று நானே குறுக்கிட்டிருக்கிறேன். அந்த அம்மா அதற்குமேல் சுருக்கமாகவே பேசினார். லண்டன் ஒலிப்பதிவுக் கூடத்தில் செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன் என்று இப்போது புரிகிறது: கூச்சலைக் குறைத்துப் பாட்டைத் திருத்தினேன்.

ஷே மைதானம் 2009இல் முற்றாக இடிக்கப்பட்டுவிட்டது. அங்கே இப்போது வாகனங்கள் நிறுத்துகிறார்கள். திருத்தப்பட்ட படம் பத்திரமாக இருக்கிறது. அன்றைக்குப் பதினாலு வயதாக இருந்தவர்களுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. நண்பருக்கு என் பதில் இவ்வளவுதான்: ஆமாம், அந்தப் பொண்ணுங்க கத்துனதும் வரலாறுதான். அவர்களிடம் கேட்பதற்கு இனி ரொம்ப நாள் இல்லை. நம்மூர் ஊர்வலங்களில் நடந்தவர்களிடமும் அப்படித்தான்.