கொல்லைத் தோட்டமும் மகரந்தச் சேர்க்கையும்

தமிழகத்துப் பழைய வீடுகளின் பின்புறத்தில் கிணற்றடி நீர் பாய்ந்து வளர்ந்த கொல்லை, காய்கறிக்காகவே அமைந்ததெனினும், மகரந்தச் சேர்க்கைக்கு, அதாவது பூந்துகள் சூல்முடியை அடைந்து காய் பிடிப்பதற்கு, உதவும் உயிர்களையும் பேணிவந்தது. கத்தரிப்பூவின் மகரந்தப்பை நுனியிலுள்ள சிறு துளைவழியே மட்டும் துகளை வெளிவிடுவதால், நீலப்பட்டைத் தேனீ பூவை இறுகப் பற்றி உடலை அதிரச்செய்து அதனை உதிர்க்கிறது. முருங்கைக்கு அப்பணியைப் பெரிதும் மரம் துளைத்துக் கூடமைக்கும் தச்சுத் தேனீ செய்ய, கறிவேப்பிலையோ கறிவேப்பிலை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு உணவாயிற்று. இதற்கு மாறாக, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுச்செடியாக வந்த அமெரிக்க உன்னிச்செடி பின்னர் மலைக்காடுகளிலும் பரவியது. வண்ணத்துப்பூச்சிகள் அதில் தேன் குடிப்பது மெய்யே, ஆயினும் இந்நாட்டு வண்ணத்துப்பூச்சிகளில் பெரும்பாலானவற்றின் புழுக்கள் அதன் இலையைத் தின்று வளர்வதில்லை. தேன் மட்டும் போதாது, புழுவுக்கு இலையும் வேண்டும்; ஆகவே, புழு அரித்த கறிவேப்பிலைச் செடிக்கு நஞ்சு தெளிக்காமல் விடுவதே வீட்டுத் தோட்டக்காரர் முதலில் செய்யவேண்டியது.