மரம்பற்றும் கருவியின் வரலாறு

நம் குலத்துத் தச்சரின் திறத்தைப் புகழ்வோர் உளியையும் இழைப்புளியையும் கொட்டாப்புளியையும் எடுத்துரைப்பர்; வெட்டுண்ணும் மரத்தை அசையாமற் பற்றிய கருவியைக் குறித்து ஒன்றும் உரையார். அஃது ஏனெனின், பன்னெடுங்காலம் அக்கருவி தச்சனது காலே ஆயிருந்தமையான் என்க. தரையில் அமர்ந்து, பலகையைப் பாதத்தால் அழுத்தி, வேண்டுமிடத்து ஆப்பறைந்து, இரு கைகளையும் வேலைக்கே விட்டுக்கொண்டனர் நம் முன்னோர். மயிலையில் எஞ்சிநிற்கும் பழைய வீடுகளின் கதவுநிலைகளை உற்றுநோக்குவார், துளையும் நாக்குமாகப் பொருந்திய மூலைகளில் அவ்வுழைப்பைக் காண்பர்.

மேனாட்டுத் தச்சர் நின்று வேலை செய்யும் வழக்கினராதலின், அவர்க்கு மேசையும் திருகுச் சிராவணமும் வேண்டியவாயின. நூரன்பர்க்கு நகரில் 1505-ஆம் ஆண்டளவில் எழுந்த ஓவியச் சுவடியொன்றில் திருகு பூட்டிய தச்சுமேசை காணப்படுகின்றது. இலண்டனில் மோக்சன் என்பார் 1678 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட தொழில்நூலின் படத்தில் இரட்டைத் திருகுச் சிராவணம் உளது; இன்றும் அதனை அவர் பெயரால் வழங்குவர். ஆங்கிலேயர் காலத்துத் தொழிற்கூடங்களின் வாயிலாக அக்கருவி சென்னையில் 'வைஸ்' என்னும் பெயரோடு பரவிற்று.

பின்னர்ப் பொறி வந்தது. ஹெலிகாப்டரின் சுழலிறகுகளைச் செய்ய முயன்ற பார்சன்சு என்பாரின் கருத்தினின்று கிளைத்து, எண்களாற் செலுத்தப்படும் வெட்டுப்பொறி 1952-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் காட்டப்பெற்றது. அதன் வழித்தோன்றலே இன்று நம்மவர் பட்டறைகளில் இயங்கும் சி.என்.சி. ரௌட்டர்.

இப்பொறியில் பலகையைக் கிடத்தியே வேலை செய்வது பெருவழக்கு. கிடந்த பலகையின் முகம் வெட்டுவாய்க்கு நேர்ப்படும், தலைப்பு நேர்ப்படாது. ஆகலின் இளைஞர் கதவில் தெய்வத் திருவுருவம் செதுக்குவதோடு அமைந்து, மூலைகளைத் திருகாணிக்கு விட்டனர். பொறியே பொருத்துவேலையைக் கெடுத்தது என்பாருடன் யாம் உடன்படோம். பற்றுங்கருவியின்றிப் பொறியை ஏற்றதே குறை.

மயிலையில் யாம் கண்ட பட்டறையொன்றில் அக்குறை நீங்கியுளது. பொறியின் தலை மேசை விளிம்பிற்கு அப்பாலும் எட்டுமாறு செய்து, முன்புறச் சட்டத்தில் ஒரு சிராவணத்தைப் பூட்டி, பலகையைச் செங்குத்தாக நிறுத்துகின்றனர். முதன்முறை தாடை சிறிது சாய்ந்திருந்தமையின் தேக்குத்துண்டு ஒன்று வீணாயிற்று. ஒரு பாகைச் சாய்வு 50 மில்லிமீட்டர் நீள நாக்கில் ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் பிழையாகும். அத்துணை விலகினால் நாக்குத் துளையிற் புகாது. மூலைமட்டங்கொண்டு தாடையைச் செம்மைசெய்து, தோல் ஒட்டி, பலகை சிறிதளவே மேலே நீண்டு நிற்கவைத்தனர், அதிர்வு அடங்கிற்று. பலகையின் தலைப்பு எப்பொழுதும் ஒரே உயரத்தில் நிற்க ஒரு தடுப்பும் வைத்தமையால், அடுத்தடுத்த நாக்குகள் ஓரளவாயின.

ஒரு சிக்கல் மட்டும் நின்றது. உருண்டு சுழலும் வெட்டுவாய் துளையின் மூலையைச் சதுரமாக்காது. 6 மில்லிமீட்டர் வாய் 3 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவை விடும். மூலையை உளியாற் செதுக்கவேண்டும்; அன்றேல் நாக்கின் விளிம்பை உருட்டவேண்டும். மகனார் உருட்டிக்கொண்டார். தந்தையார் இன்னும் அதற்கு உடன்படவில்லை. துளைகளைத் தம்மிடம் தருமாறு கேட்டுத் தாமே உளியாற் சதுரமாக்குகின்றார்.